அந்த மணி இன்னும் அடிக்கவில்லை

அன்புள்ள பங்குப் பேரவை உறுப்பினர்களுக்கும், ஊர் நிர்வாகத்தில் இருக்கும் அண்ணன் தம்பிமார்களுக்கும்,

இயேசுவுக்கே புகழ்.

ஊர்ப் பெயரை நான் எழுதவில்லை. ஆரோக்கியபுரத்தில் இருந்து நீரோடி வரைக்கும் வரிசையாக இருக்கிற கடற்கரை ஊர்களில் நம்முடையதும் ஒன்று, அவ்வளவு போதும். இது யாரைப் பற்றியது என்று உங்களுக்கு இந்நேரம் தெரிந்திருக்கும். அந்தக் குடும்பத்தின் பெயரையும் எழுதவில்லை, அது அவர்கள் கேட்டுக்கொண்டது. எழுதியதை அந்த வீட்டு அம்மாவிடம் முழுசாகப் படித்துக் காட்டி, "சரி, போடு" என்று அவர்கள் சொன்ன பிறகுதான் வெளியே விடுகிறேன். அவர்கள்மேல் ஊர் சுமத்தின பொய்க்குற்றத்துக்கு ஊரே கோவிலில் மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று கூட்டத்தில் மூன்று தடவை வாய்விட்டுக் கேட்டுப் பார்த்தேன், மூன்று தடவையும் "அடுத்த கூட்டத்தில் பேசுவோம்" என்று தள்ளிவிட்டீர்கள். வேறு வழி தெரியாமல் இப்படி எழுதுகிறேன்.

முதலில் நான் செய்ததைச் சொல்லிவிடுகிறேன். இதில் முதல் குற்றவாளி நான்தான்.

நான்கு வருடத்துக்கு முன்னால் நடந்த திருவிழாவில் நான் செயலாளர். ஒன்பதாம் நாள் ராத்திரி, தேர் ஜோடனை நடந்துகொண்டிருந்தது, ஒரு பக்கம் மைக்காரர், ஒரு பக்கம் பந்தல்காரர், ஆளுக்கு ஆள் என்னைக் கூப்பிடுகிறார்கள். கொச்சித் துறைமுகத்தில் தொழில் செய்யும் நம் ஊர்ப் படகுகளில் பிரித்த நன்கொடையை அந்த வீட்டுத் தம்பி அப்போதுதான் பஸ்ஸில் வந்து இறங்கி நேராக என்னிடம் கொண்டுவந்தான். ஒரு கவரில் 42,500 ரூபாய், கூடவே ரசீதுப் புத்தகம். நான் எண்ணிப் பார்த்தேன், கவரின் மேல் "கொச்சி 42,500" என்று பேனாவால் எழுதினேன், பூசைப் பொருள்கள் வைக்கிற சக்ரீஸ்து அறை பூட்டியிருந்ததால் பக்கத்தில் இருந்த ஜோடனைத் துணிப் பெட்டிக்குள் அடியில் செருகினேன். அப்புறம் மறந்துபோனேன். சுத்தமாக மறந்துபோனேன்.

மறந்தது பாவமா என்று கேட்டால் அது தவறுதான், பாவமாக இருக்காது. அதற்கப்புறம் நடந்ததுதான் பாவம். கணக்குப் பார்த்த அன்று கொச்சிப் பணம் எங்கே என்று கேட்டபோது, "அண்ணே, உங்க கையில தந்தேனே" என்று அவன் என் முகத்தைப் பார்த்துச் சொன்னான். எனக்கு ஞாபகம் இல்லை என்று நான் சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னது "தரவில்லை". ஞாபகம் இல்லை என்பதற்கும் தரவில்லை என்பதற்கும் நடுவில்தான் ஒரு குடும்பம் விழுந்தது.

மீதி உங்களுக்குத் தெரியும். 42,500 ரூபாயைத் திருப்பிக் கட்டவேண்டும், மேலே 10,000 அபராதம், கட்டும் வரைக்கும் ஊர் விலக்கு. கோவில் மைக்கில் அதை வாசித்தது என் குரல். அவர்கள் வள்ளத்தைத் தள்ள ஒருவரும் கை வைக்கவில்லை, அவர்கள் மீனை ஏலத்தில் எடுக்க ஆள் இல்லை, அந்த அம்மா மீன் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு இரண்டு ஊர் தள்ளிப் போய் விற்றார்கள். ஐந்தாவது மாதம் அவர்களுடைய வீட்டுக்காரர் இறந்துபோனார். நெஞ்சுவலி என்றார்கள். அடக்கத்தை நாம் தடுக்கவில்லை, அதைப் பெருந்தன்மை என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டோம். ஆனால் இறந்தவர்களுக்குக் கோவிலில் அடிக்கிற துக்க மணியை அடிக்கவில்லை. பெட்டிக்குப் பின்னால் போனவர்களை விரல் விட்டு எண்ணலாம். ஏழாம் நாள் திருப்பலிக்கு முன்னால் அந்த அம்மா கழுத்துச் செயினையும் கம்மலையும் விற்று 52,500 ரூபாயையும் கொண்டுவந்து மேசையில் வைத்தார்கள். நான் ரசீது எழுதினேன். அந்த ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் என் குரல்தான் மைக்கில்: பணம் வந்துசேர்ந்துவிட்டது, ஊர் அவர்களை மன்னித்து ஏற்றுக்கொள்கிறது.

அடுத்த வருடம், கொடியேற்றத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது, ஜோடனைத் துணிப் பெட்டியைத் திறந்தோம். என் கையெழுத்தோடு கவர் அப்படியே கிடந்தது.

அந்த அறையில் ஐந்து பேர் இருந்தோம். இப்போது சொன்னால் திருவிழா குழம்பும், முடியட்டும் பார்க்கலாம் என்று பேசிக்கொண்டோம். திருவிழா முடிந்தது, நாம் பார்க்கவில்லை. அந்தப் பணத்தை "பெயர் சொல்ல விரும்பாதவர்" என்று போட்டு மாதா சுரூபத்துக்காகக் குகை மாதிரிக் கட்டுகிற கெபியின் கட்டிட நிதியில் வரவு வைத்தோம். நாள்வழியில் அதை எழுதினதும் நான்தான். மனசு கேட்காமல் ஆறு மாதம் கழித்து, ஏழைகளுக்கான உதவி என்று சொல்லி 10,000 ரூபாயை அந்த வீட்டுக்கு அனுப்பினோம். கடனைக் கொண்டுபோய் தர்மம் என்று கொடுத்தோம். அவர்கள் வாங்கவில்லை.

இதோடு மூன்று வருடம் ஓடிவிட்டது. அந்தத் தம்பி ஊருக்கு வருவதே இல்லை, கொச்சியிலேயே படகில் இருக்கிறான். அவனுக்குப் பெண் கேட்டுப் போன இரண்டு இடத்தில் "கோவில் பணம்" என்ற பேச்சு முன்னாடியே போய்ச் சேர்ந்திருந்தது.

போன டிசம்பரில் கோட்டாறு சவேரியார் பேராலயத் திருவிழாவுக்குப் போனேன். நம் ஊரில் பாவசங்கீர்த்தனம் செய்ய, அதாவது குருவிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்க, எனக்குத் துணிவு வரவில்லை, யார் என்று தெரியாத இடத்தில் சொல்லிவிடலாம் என்றுதான் போனேன். பேராலயத்துக்குள் இருக்கிற தேவசகாயத்தின் கல்லறைக்கு முன்னால் கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். நட்டாலத்தில் பிறந்த மனிதர், அரண்மனையில் வேலை பார்த்தவர், பொய்க்குற்றம் சுமத்தி எருமை மேல் ஏற்றி ஊர் ஊராக இழுத்துக்கொண்டு போய், கடைசியில் 1752-இல் ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். 2022 மே 15 அன்று ரோமில் அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தபோது நாம் பட்டாசு வெடித்தோம், குருசடியில் பேனர் கட்டினோம், கட்டியவர்களில் நானும் ஒருவன். பொய்க்குற்றம் சுமத்தப்பட்ட ஒரு மனிதருக்கு முன்னால் மெழுகுவர்த்தியோடு உட்கார்ந்திருக்கிற நான் யார் என்று அங்கேதான் எனக்கு உறைத்தது. கைகள் நடுங்கின.

பாவசங்கீர்த்தனம் கேட்க வயதான ஒரு சாமி இருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சொன்னதை அவர் வெளியே சொல்ல முடியாது, ஆனால் நான் சொல்லலாம், அதனால் சொல்கிறேன். ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "அந்தப் பையனுக்கு இது தெரியுமா?" தெரியாது ஃபாதர் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "பணத்தை எடுத்தா பணத்தைத் திருப்பிக் கொடுக்கணும், பேரை எடுத்தா பேரைத் திருப்பிக் கொடுக்கணும்" என்றார். அப்புறம் கையை உயர்த்திப் பாவமன்னிப்புக் கொடுத்தார். வெளியே வந்து நான் அழுத மாதிரி என் அப்பா செத்தபோதுகூட அழவில்லை. கடவுள் என்னை மன்னித்தார், அதில் எனக்கு ஒரு துளி சந்தேகமும் கிடையாது. அந்த மன்னிப்புத்தான் என்னைச் சும்மா இருக்க விடாமல் இந்த மடலை எழுத வைக்கிறது.

சின்ன வயசில் ஞாயிறு மறைக்கல்வியில் நாம் எல்லோரும் பாடம் பண்ணினோமே, நல்ல பாவசங்கீர்த்தனத்துக்கு ஐந்து காரியம் வேண்டும் என்று. பாவங்களை நினைத்துப் பார்ப்பது, மனஸ்தாபப்படுவது, இனிமேல் செய்வதில்லை என்று தீர்மானிப்பது, குருவிடம் சொல்வது, அவர் கொடுக்கிற அபராதத்தைத் தீர்ப்பது. அந்த ஐந்தாவதில் இருக்கிற வார்த்தையைப் பாருங்கள். அபராதம். நம் நிர்வாகத்தின் ரசீதுப் புத்தகத்தில் இருக்கிற அதே வார்த்தை. வள்ளம் மோதினால் அபராதம், சண்டை போட்டால் அபராதம் என்று இத்தனை வருடம் மற்றவர்களிடம் வசூலித்தே பழகிவிட்டோம். ஊரே ஒரு தப்பு செய்தால் அதைத் தீர்ப்பது யார் என்று ஒரு தீர்மானமும் நம் புத்தகத்தில் இல்லை. நம் திருச்சபையின் மறைக்கல்வி நூலே இதைத் தெளிவாகச் சொல்கிறது, 1459-ஆம் எண்ணில்: பாவமன்னிப்பு பாவத்தைப் போக்குகிறது, ஆனால் பாவம் உண்டாக்கின சேதத்தை எல்லாம் சரிசெய்து விடுவதில்லை. திருடினதைத் திருப்பிக் கொடு, அவதூறால் கெட்ட பெயரைத் திரும்ப நிலைநாட்டு, காயத்துக்கு ஈடு கொடு என்று உதாரணத்தோடு எழுதியிருக்கிறது. நாம் மூன்றையும் செய்யவேண்டியவர்கள்.

கோட்டாற்றில் இருந்து வந்த அடுத்த நாள் அந்த வீட்டுக்குப் போனேன். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நீங்கள் யாரும் அந்தத் திண்ணையில் உட்கார்ந்து பார்க்கவில்லை. வாசலில் என்னைப் பார்த்ததும் அந்த அம்மா, "கேறி வா மக்களே, இரி" என்றார்கள். நாலு வருடம் கழித்து வருகிறவனிடம் முதல் வார்த்தை அதுதான். நான் உட்காரவில்லை. நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன், கவர், பெட்டி, மைக், கெபி நிதி, ஒன்றையும் விடவில்லை. அவர்கள் முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டு கேட்டார்கள். சுவரில் அவர்கள் வீட்டுக்காரரின் போட்டோ, அதற்குக் கீழே சின்ன விளக்கு. நான் முடித்ததும் உள்ளே போய்விட்டார்கள். போய்விடு என்று சொல்வார்கள் என்று நினைத்தேன். கட்டன் சாயாவோடு வந்தார்கள்.

"மன்னிச்சுட்டேன் மக்களே, அது எப்பவோ மன்னிச்சாச்சு, இல்லன்னா எனக்கு ராத்திரி தூக்கம் வந்திருக்காது," என்றார்கள். அப்புறம் கேட்டார்கள்: "ஆனா நீ எங்கிட்ட வந்து சொல்லுறதுல என்ன இருக்கு? எனக்க மகன் எடுக்கலன்னு எனக்கு அண்ணைக்கே தெரியும். தெரியாதது ஊருக்குத்தானே?"

நான் பதில் சொல்லவில்லை. கிளம்பி வரும்போது, ரொம்ப மெதுவாக, "அவருக்கு மணி அடிக்கலியே மக்களே" என்றார்கள். அவ்வளவுதான் சொன்னார்கள்.

அந்தக் கேள்விக்கு என்னிடம் இன்னும் பதில் இல்லை, அந்தப் பதில் உங்களிடம்தான் இருக்கிறது. நான் தனியாக அந்தத் திண்ணையில் போய் எத்தனை தடவை அழுதாலும் ஊருக்குத் தெரியாதது தெரிந்துவிடாது. ஆயிரம் பேர் கேட்க மைக்கில் சொன்னதை நாலு சுவருக்குள் திரும்ப எடுத்துக்கொள்ள முடியாது. திருப்பலி தொடங்கும்போது ஒவ்வொரு ஞாயிறும் நாம் என்ன சொல்கிறோம்? எல்லாம் வல்ல இறைவனிடமும், சகோதர சகோதரிகளே உங்களிடமும், நான் பாவி என்று ஏற்றுக்கொள்கிறேன் என்று நெஞ்சில் தட்டிச் சொல்கிறோம். அந்த "உங்களிடமும்" என்கிற வார்த்தையை நாம் வாய் நிறையச் சொல்லிவிட்டு, பக்கத்து வரிசையில் இருக்கும் ஒரு விதவையிடம் மட்டும் சொல்ல மறுக்கிறோம்.

கூட்டத்தில் நீங்கள் சொன்ன பதில்களுக்கு வருகிறேன். ஒரு அண்ணன் சொன்னார், ஆண்டவர் எழுபது தடவை ஏழு முறை மன்னிக்கச் சொன்னார், அவர்களும் மன்னித்து மறக்க வேண்டியதுதானே என்று. அண்ணே, அந்த வசனம் தப்பு செய்தவன் கையில் எடுக்கிற வசனம் இல்லை. லூக்கா 17-ஆம் அதிகாரத்தில் அதே ஆண்டவர், ஒருவர் ஒரே நாளில் ஏழு தடவை உனக்கு எதிராகத் தப்பு செய்து, ஏழு தடவையும் உன்னிடம் வந்து நான் மனம் மாறிவிட்டேன் என்று சொன்னால் மன்னித்துவிடு என்கிறார். அதில் வந்து சொல்கிற ஆள் ஒருவன் இருக்கிறானே. நாம் ஒரு தடவைகூடப் போகவில்லை. காணிக்கையைப் பீடத்துக்கு முன்னால் வைத்துவிட்டுப் போய்ச் சமாதானம் செய் என்று மத்தேயு 5-இல் சொல்கிற இடத்தையும் கவனித்துப் படியுங்கள். உனக்கு அவர்மேல் மனத்தாங்கல் இருந்தால் என்று அங்கே இல்லை, அவருக்கு உன்மேல் மனத்தாங்கல் உண்டு என்று நினைவுக்கு வந்தால் என்றுதான் இருக்கிறது. யார் முதலில் எழுந்து போகவேண்டும் என்பதில் அங்கே குழப்பமே கிடையாது.

இன்னொருவர் ஊர் மானம் என்றார். நானும் மூன்று வருடம் அதைத்தான் சொல்லிக்கொண்டு படுத்தேன், அதனால் அவரைக் குறைசொல்ல மாட்டேன். இந்தத் தவக்காலத்தில் வெள்ளிக்கிழமை தோறும் திருப்பாடல் 51-ஐச் சொல்கிறோம் இல்லையா, வீட்டுக்குப் போய் விவிலியத்தைத் திறந்து அந்தப் பாட்டுக்கு மேலே இருக்கிற தலைப்பைப் பாருங்கள். தாவீது ராஜா பத்சேபாவிடம் தவறினபின், இறைவாக்கினர் நாத்தான் அவரிடம் வந்தபோது பாடியது என்று வெளிப்படையாக எழுதியிருக்கிறது. ராஜாவின் மானம் போகும் என்று அந்த வரியை யாராவது வெட்டியிருக்கலாம், மூவாயிரம் வருடம் ஆகப்போகிறது, ஒருவரும் வெட்டவில்லை. பாட்டோடு சேர்த்துக் குற்றத்தையும் வைத்துக்கொண்டுதான் பாடுகிறார்கள். நம் கெபி நிதியில் "பெயர் சொல்ல விரும்பாதவர்" என்று நான் எழுதின வரியை அதோடு பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன், தாங்க முடியவில்லை.

புதிதாக வந்த தம்பிமார் சொல்வது எனக்குப் புரிகிறது. பழைய கமிட்டி செய்ததற்கு நாங்கள் ஏன் மைக்கில் நிற்க வேண்டும், பங்குச் சாமியும் மாறிவிட்டாரே என்கிறீர்கள். 2000-ஆம் ஆண்டு மார்ச் 12 அன்று, தவக்காலத்தின் முதல் ஞாயிறு, திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் ரோமில் பேதுரு பேராலயத்தில் நின்று, திருச்சபையின் மக்கள் நூற்றாண்டுக் கணக்காகச் செய்த பாவங்களுக்காக உலகத்துக்கு முன்னால் மன்னிப்புக் கேட்டார். அதில் ஒன்றும் அவர் கையால் செய்தது இல்லை. நாற்காலி அவருடையது, அதனால் அதில் இருந்த கறையும் அவருடையது என்று ஏற்றுக்கொண்டார். நீங்கள் உட்கார்ந்திருக்கும் மேசையில்தான் தம்பி அந்த 52,500 ரூபாய் வந்து விழுந்தது. அந்தப் பணம் இன்னும் ஊரிடம்தான் இருக்கிறது.

நாம் கடல்காரர்கள், பேதுருவை நம் ஆள் என்போம். அவர் ஆண்டவரைத் தெரியாது என்று மூன்று தடவை சொன்னது ஒரு முற்றத்தில், கரி நெருப்பைச் சுற்றிக் குளிர்காய்ந்தவர்களுக்கு நடுவில். உயிர்த்த ஆண்டவர் அவருக்காகக் காத்திருந்தது கடற்கரையில், அங்கேயும் கரி நெருப்புத்தான், மேலே மீன். யோவான் இரண்டு இடத்திலும் அந்த நெருப்பைக் குறிப்பிட்டு எழுதுகிறார். போனது போகட்டும் பேதுரு என்று ஆண்டவர் சொல்லவில்லை. முதலில் சாப்பாடு கொடுத்தார். அப்புறம் மற்றச் சீடர்கள் பக்கத்தில் இருக்க மூன்று தடவை கேட்டார், என்மேல் அன்பு இருக்கிறதா என்று. மூன்றாவது தடவை பேதுருவுக்கு மனசு வலித்தது என்று எழுதியிருக்கிறது. அந்த வலி வரைக்கும் போய்த்தான் அவர் மேய்ப்பர் ஆனார். எனக்கு அந்த அம்மா முதலில் சாயா கொடுத்தார்கள், அப்புறம் மணியைக் கேட்டார்கள். இதை நினைக்காமல் இப்போதெல்லாம் அந்த நற்செய்திப் பகுதியை என்னால் கேட்க முடிவதில்லை.

நம் ஊர் கல்மனசுக்கார ஊர் இல்லை. சுனாமி வந்தபோதும், 2017-இல் ஒக்கிப் புயலில் போனவர்கள் வருவார்களா என்று ராத்திரி பகலாகக் கரையில் நின்றபோதும், யார் எந்தக் குடும்பம், யாருக்கு வரி பாக்கி என்று ஒருவரும் கேட்கவில்லை. அந்தத் தம்பியின் அப்பாவும் அந்த நாட்களில் எத்தனை வீட்டு வாசலில் இரவெல்லாம் உட்கார்ந்திருந்தார் என்று உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். அவர் பெட்டிக்குப் பின்னால் நடக்க நமக்கு ஆள் இல்லாமல் போயிற்று.

அதனால் நான் கேட்பது இதுதான். வருகிற ஞாயிறு பெரிய பூசையில், அறிவிப்பு நேரத்தில், அதே மைக்கில், அந்தப் பணம் திருடப்படவில்லை, ஊர் தவறாகக் குற்றம் சாட்டியது, ஒரு வருடம் கழித்து உண்மை தெரிந்தும் மறைத்தோம், மன்னியுங்கள் என்று சொல்லவேண்டும். "மனவருத்தம் ஏற்பட்டிருந்தால்" என்று இழுக்கக்கூடாது. சொல்ல வேறு ஒருவருக்கும் மனசு வராவிட்டால் நானே வாசிக்கிறேன், அன்றைக்கும் வாசித்தது நான்தானே, ஆனால் நிர்வாகம் எனக்குப் பின்னால் எழுந்து நிற்கவேண்டும். 52,500 ரூபாயைப் பொதுக் கணக்கில் இருந்து, உதவி என்று போடாமல், திருப்பிக் கொடுத்தது என்று எழுதிக் கொடுக்கவேண்டும். பொதுக் கணக்கில் இல்லை என்றால் என் பங்காக 20,000 ரூபாயை இப்போதே கட்டுகிறேன். விற்ற கம்மல் இன்றைய விலைக்கு எவ்வளவு வரும் என்பதையும் யோசியுங்கள், ஏமாற்றி வாங்கினதை நான்கு மடங்காகத் திருப்பிக் கொடுப்பேன் என்று ஆண்டவரிடம் சக்கேயு சொன்னார், நம்மிடம் யாரும் அவ்வளவு கேட்கவில்லை. கெபி நிதியில் நான் எழுதின அந்த வரியை அடித்து, உண்மையை எழுதி, ஐந்து பேரும் பக்கத்தில் கையெழுத்துப் போடவேண்டும்.

மைக்கில் சொன்னால் தம்பி ஊருக்கு வந்துவிடுவானா என்று தெரியாது. அவன் என்னை மன்னிப்பானா என்றும் தெரியாது. இரண்டு தடவை போன் பண்ணினேன், எடுத்தான், கேட்டான், ஒன்றும் பேசாமல் வைத்துவிட்டான். அது அவன் உரிமை. அவன் மன்னிக்கட்டும் என்று நாம் கணக்குப் போட்டு எதையும் செய்யக்கூடாது.

குருத்து ஞாயிறுக்கு முந்தின வெள்ளிக்கிழமை அவன் அப்பாவின் நினைவு நாள். மாலை ஐந்தரைக்குத் திருப்பலி சொல்லியிருக்கிறார்கள். மணிக்கூண்டுச் சாவி கோவில் காரியங்களைப் பார்க்கிற உபதேசியாரிடம் இருக்கிறது, நிர்வாகம் சொல்லாமல் அவர் தரமாட்டார். அன்றைக்கு அந்த மனிதருக்குத் துக்க மணி அடிக்கவேண்டும். நான் ஐந்து மணிக்கே வந்து கயிற்றுப் பக்கத்தில் நிற்பேன். உபதேசியாரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் முன்னாள் செயலாளர்